எக்பெர்ட் பிரபுவின் அன்னம்

"பிடிடா, பிடி! கழுத்து கழண்டு விழுது!"

பாம்பெர்க் சந்தைத் தெருவில், இரும்புத் தலைக்கவசத்தைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு எக்பெர்ட் பிரபு ஓடினார். பின்னால் அவருடைய குதிரைக்காரன் குன்ட்ஸ். குடும்பச் சின்னமாகக் கவசத்தின் உச்சியில் இருக்க வேண்டிய தோல் அன்னத்தின் தலை அவன் கையில் இருந்தது.

வரும் வழியில் குதிரை அதன்மேல் உட்கார்ந்துவிட்டது.

மாலை மணி அடிப்பதற்குள் கவசம் மடத்து முற்றத்துப் பலகையில் ஏறியாக வேண்டும். ஏறினால்தான் குதிரைச் சண்டைப் போட்டியில் இடம். தாத்தாவுக்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் போட்டியில் இறங்கியதில்லை. இந்த முறையும் விட்டால் பிரபு வம்சம் என்ற பெயரே போய்விடும். மகள் இர்ம்கார்டை எந்தக் கோட்டையிலும் மருமகளாக எடுக்க மாட்டார்கள்.

"திரும்பிப் போயிடலாங்க," என்றாள் மனைவி ஹில்ட்ருட், மூச்சு வாங்க.

"செத்தாலும் போக மாட்டேன்!"

தச்சன் பசை போட்டு ஒட்டிக் கொடுத்தான். கெட்டியாகப் பிடித்தது. ஆனால் அன்னம் பின்பக்கம் பார்த்தது.

"எதிரியைப் பார்த்துப் பயந்து ஓடுற மாதிரி இருக்கே எசமான்," என்றான் குன்ட்ஸ்.

"வாயை மூடு. ஆவி காட்டினா பசை இளகும்."

சத்திரத்துச் சமையற்கட்டில், முட்டைக்கோஸ் கொதிக்கும் அண்டாவின்மேல் பிடித்தார்கள். பசை இளகவில்லை. தோல் இளகியது. கழுத்து சுருங்கி வயிறு உப்பிவிட்டது. ஆனாலும் தலையை முன்பக்கம் திருப்பிவிட்டார் எக்பெர்ட்.

முற்றத்தில், வந்தவர்களின் வம்சத்தைச் சரிபார்க்கும் கட்டியக்காரர் லாம்பெர்ட் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன பிரபு இது?"

"அன்னம்."

"வாத்து மாதிரி இருக்கு. அதுவும் வெந்த வாத்து."

"வாத்தா?" பக்கத்திலிருந்து ஒரு மலை எழுந்தது. ஓட்டோகர் பிரபு. "வாத்து எங்க குடும்பச் சின்னம்யா! எங்க வாத்தைத் திருட உனக்கு என்ன தைரியம்?"

எக்பெர்ட் யோசிக்கவில்லை. அங்கே கேடயத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தவனின் தூரிகையைப் பிடுங்கி, அலகில் சிவப்பை அப்பினார்.

"இது நாரை!"

ஓட்டோகர் அடங்கினார். லாம்பெர்ட் அடங்கவில்லை.

"அப்போ உங்க தாத்தாவோட சின்னம் நாரையா?"

"இல்ல... அன்னம்தான்..."

"சரி, சரி. பலகையில வைங்க. நாளைக்குச் சீமாட்டிகள் பார்த்து முடிக்கட்டும். அப்புறம் உங்க வம்சத்தைப் பத்திப் பேசிக்கலாம்."

அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை சீமாட்டிகள் வரிசையாக வந்தார்கள். ஹில்ட்ருட்டும் தலையைக் குனிந்தபடி நடந்தாள். பெண்களை இழிவாகப் பேசியவன் எவனாவது இருந்தால், சீமாட்டி ஒருத்தி அவன் கவசத்தைத் தொட்டால் போதும். மேல்முறையீடு கிடையாது. தடியடி, பிறகு போட்டி முடியும்வரை வேலிமேல் உட்கார வேண்டும்.

மெக்டில்ட் என்ற முதிய சீமாட்டி நின்றாள். ஊன்றுகோலால் ஒரே தட்டு. நாரை உருண்டது.

"இந்த ஆளு என்னைச் சூனியக்காரின்னு திட்டினான்!"

"ஐயோ, இவங்களை நான் பார்த்ததே இல்ல!"

கட்டியக்காரருக்கு வேறு வழியில்லை. நெடுநேரம் தயங்கி, பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கூவினார்: "பிரபு வம்சத்து எக்பெர்ட்டைப் பிரபுக்கள் அடிக்கலாம்!"

அடித்தார்கள். ஓட்டோகர் வாத்துக்கும் சேர்த்து அடித்தார். பிறகு சேணத்தோடு தூக்கி வேலிமேல் உட்காரவைத்தார்கள். ஊரே சிரித்தது.

"குதிரை தயாரா இருக்கு. நைசா இறங்கிடுங்க எசமான்," என்றான் குன்ட்ஸ்.

"மாட்டேன். எக்பெர்ட் ஓடிட்டான்னு எவனும் சொல்லக் கூடாது."

முதுகு எரிந்தது. கண்ணும் எரிந்தது. அப்போது மெக்டில்ட் சீமாட்டி ஒரு தேன் ரொட்டியோடு வேலியருகே வந்தாள்.

"ரொம்ப வலிக்குதா தம்பி?"

"வலி கிடக்கட்டும்மா. என் பொண்ணு வாழ்க்கையே போச்சு. உங்களுக்கு நான் என்ன துரோகம் பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. கட்டியக்காரர் உன்னை வாசலோட அனுப்பிடறதா இருந்தாராம். உன் பொண்டாட்டிதான் என் காலைப் பிடிச்சுக் கெஞ்சினா, 'ஒரு தட்டு தட்டிடுங்கம்மா'ன்னு. பிரபு வம்சம்னு ஊரறிய ஒத்துக்காம இங்கே யாரையும் அடிக்க முடியாதே!"