முழியனும் எங்கள் வீட்டுப் பேச்சுக்காலும்

அம்பிட்டிய,
கண்டி.
ஒக்டோபர் 2007

ரொறன்ரோவில் குளிரோடு மல்லுக்கட்டிக்கொண்டு, எங்கள் எல்லோருடைய பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்வித்துக்கொண்டிருக்கும் அன்புப் பெரியக்காவுக்கு,

தம்பி விவேகானந்தன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் கமலாசனியும் மகள் தர்மினியும் சுகம். அத்தானின் முழங்கால் நோவு தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே ஐப்பசி மழை பிடித்துவிட்டது. விலைவாசியைப் பற்றி எழுதத் தொடங்கினால் தாள் காணாது. நிற்க. நீங்கள் அவ்வளவு பாடுபட்டுக் கலியாணப் பேச்சுக்கால் நடத்தி அனுப்பிய மாப்பிள்ளை வீட்டார் சென்ற ஞாயிறு பெண் பார்க்க வந்து போனார்கள். நடந்ததை அவர்கள் வாயால் நீங்கள் கேட்பதற்கு முன்னர் என் கையால் எழுதிவிடுவது நல்லது. தயவுசெய்து கதிரையில் இருந்துகொண்டு வாசியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் ஓர் ஆந்தை. மடவளையில் பாயிஸ் என்றொரு வியாபாரி இருக்கிறார். ஆடைத் தொழிற்சாலைகள் கழித்துவிடுகிற துண்டுத் துணியில் பொம்மை தைத்து, கண்டி டவுணில் கடை போட்டு விற்பவர். கரடி, முயல் என்று மரியாதையாகத் தைத்துக்கொண்டிருந்த மனுசனுக்குத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு என்ன பிடித்ததோ, முகம் முழுக்கக் கண்ணாக ஓர் ஆந்தையைத் தைத்து அதற்கு முழியன் என்று பெயரும் வைத்தார். அக்கா, கூரையில் ஆந்தை கத்தினால் அபசகுனம் என்று நாங்கள் தும்புத்தடியோடு கலைக்க ஓடுகிறோம், பக்கத்து வீட்டுச் சிங்களவரும் ஓடுகிறார். இந்த நாட்டில் எல்லாரும் ஒற்றுமையாக இருக்கிற ஒரே விசயம் அதுதான். அப்படியிருக்க ஆந்தையை யார் காசு கொடுத்து வாங்குவது? கடை முழுக்க ஆந்தை மூட்டை. “சேர், ஒண்டும் விக்காம ஈக்கி, வீட்டுக்குப் போனா பொஞ்சாதி கைரியா ஏசுறா” என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் அழுதுகொண்டிருந்தார்.

அந்தக் கடைக்கு மேல்மாடியில் ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒருவன், அழகர் என்று பெயர், கலியாண வீடியோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். பாயிஸின் அழுகை தாங்காமல் அவன் கொம்பியூட்டரில் முழியனை வரைந்து, அதை அசையவைத்து, இருட்டுக்குப் பயந்த ஆந்தை என்று ஒரு நிமிடப் படம் செய்தான். குரல்தான் அகப்படவில்லை. பாயிஸ் பேசிப் பார்த்தார், ஆந்தை மீன் விற்கிற மாதிரி இருந்ததாம். அழகர் பேசினான், ஆந்தைக்கு வெட்கமாக இருந்ததாம். அந்த நேரம் பார்த்து, பக்கத்து அறையில் கொம்பியூட்டர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த எங்கள் சீமாட்டி தர்மினி, கரண்ட் போன கோபத்தில், “லைட்டைப் போடுங்கோ, எனக்குப் பயமாக் கிடக்கு!” என்று கத்தியிருக்கிறாள். அழகர் இருட்டுக்குள் தட்டுத்தடுமாறி வந்து, “டீச்சர், கரண்ட் வந்ததும் அதையே இன்னொருக்கா சொல்றீங்களா?” என்று கேட்டானாம். அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி.

எழுபத்தேழிலும் எண்பத்துமூன்றிலும் கலவரங்களில் பட்டதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருப்பது உங்களுக்குத் தெரியும். வெளியில் தமிழில் வாய் திறக்கிறதில்லை. பஸ்ஸில் ஏறினால் இறங்கும் வரைக்கும் மௌனவிரதம். தர்மினி நாலு வயதில் பஸ்ஸுக்குள் “அப்பா” என்று கூப்பிட வாயெடுத்தால் கமலாசனி கையால் பொத்துவாள். அப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளையின் குரல் இன்றைக்குக் கண்டியில் எந்தச் சந்தியில் நின்றாலும் கேட்கிறது என்றால் ஒரு தகப்பனுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கடை வாசலில் அந்த ஒரு நிமிடப் படத்தை ஓடவிட்டதும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். மூட்டைகள் காலி. ஒரு நிமிடம் பத்து நிமிடமாக வளர்ந்தது. பொம்மை வாங்கினால் சீடி இலவசம் என்றார்கள், ஒரு வருசத்துக்குள் சீடி வாங்கினால் பொம்மை இலவசம் என்றாகிவிட்டது. இரண்டாம் பாகத்தில் முழியன் வழி தவறிப் பறக்கிறான். ஒவ்வொரு மரத்திலும் ஒரு காகம் மறித்து, எங்கே போகிறாய், ஏன் போகிறாய், யார் வீட்டில் தங்குகிறாய் என்று விசாரிக்கிறது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பெரியவர்கள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். மூன்றாம் பாகம் தொலைக்காட்சியில் வந்தது, சிங்களத்திலும் பேசியது. நாலாம் பாகத்தில் முழியனுக்கு ஒரு தங்கச்சி பிறந்தாள், அதாவது பாயிஸுக்கு விற்க இன்னொரு பொம்மை பிறந்தது. பிறகென்ன, தண்ணிப் போத்தல், புத்தகப் பை, குடை, பிறந்தநாள் கேக் எல்லாவற்றிலும் அந்த முழி. சமாதானக் காலத்தில் பாதை திறந்ததும் லொறி ஏறி யாழ்ப்பாணம் போனான். நல்லூர்த் திருவிழாவில் கடலைக் கடைக்குப் பக்கத்தில் ஆந்தைக் கடை! மயிலோடு நிற்கிற முருகன் என்ன நினைத்திருப்பாரோ தெரியாது.

போன வருசம் சண்டை தொடங்கிப் பாதையை மறுபடியும் பூட்டினார்கள் அல்லவா, ஐந்தாம் பாகம் அங்கே போய்விட்டது, ஆறாம் பாகம் போக முடியவில்லை. ஐந்தின் முடிவில் முழியன் மழைக்குள் ஒரு மரப்பொந்தில் தனியாக அகப்பட்டு நிற்கிறான். கோண்டாவிலில் இருந்து சித்தப்பாவின் மகள் பத்மா, மாவும் சீனியும் கிடைக்காத அந்த நேரத்தில், ரெலிபோன் எடுத்து, சுகம்கூட விசாரிக்காமல், “அண்ணை, முழியன் வெளியிலை வந்திட்டானோ? இஞ்சை பிள்ளையள் சாப்பிடுதுகள் இல்லை” என்றாள். தர்மினி ரிசீவரைப் பறித்து ஆறாம் பாகம் முழுவதையும், முழியன், காகம், அணில், தங்கச்சி என்று எல்லாக் குரலிலும் பேசிக் காட்டினாள். அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் கைதட்டியது எனக்குக் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா, உங்களிடம் மறைப்பானேன். அதைக் காட்டிக்கொள்ளாமல், “அவளுக்கெல்லோ பில் ஏறுது, கெதியாய் முடி” என்று சத்தம் போட்டேன்.

இந்த அநியாயத்துக்கு நானும் உடந்தையானது ஒரே ஒரு நாள். ஆள் கிடைக்கவில்லை என்று பாயிஸ் கெஞ்சியதால் மடவளையிலிருந்து ஓர் உரப்பை முழியனை பஸ்ஸில் கொண்டுவந்தேன். இப்போது வருகிற முழியனுக்கு வயிற்றுக்குள் சீனத்துச் சாமான் ஒன்று வைத்திருக்கிறார்கள், அமத்தினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வசனம் பேசும். சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் பைக்குள் கையை விட்டு ஒன்றைப் பிடித்தான். “லைட்டைப் போடுங்கோ, எனக்குப் பயமாக் கிடக்கு!” என்று நிறைந்த பஸ்ஸுக்குள் சுத்தத் தமிழில் ஓர் அலறல். என் உயிர் போய் வந்தது. அவன் இன்னொருமுறை அமத்தினான். மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அவனுடைய சின்ன மகள் முழியன் இல்லாமல் படுக்கமாட்டாளாம். தமிழ் முழியனுக்குக் குரல் கொடுப்பது யார் என்று கேட்டான். அத்தனை வருசமாகப் பஸ்ஸில் வாய் திறக்காத நான், “மகே துவ”, என்னுடைய மகள், என்று பின்சீற்றுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். அவன் அடையாள அட்டையைக் கேட்க மறந்து பஸ்ஸைப் போகவிட்டான்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தர்மினி ஒரு கம்பனியில் வேலை என்றுதான் நான் உங்களிடம் சொல்ல, நீங்களும் அவர்களிடம் சொல்லியிருந்தீர்கள். என் பிள்ளைக்கு இருபத்தெட்டு முடிகிறது. ஆந்தை பேசுகிற பெண் என்று தெரிந்தால் நல்ல குடும்பத்தார் படியேறுவார்களா? அதனால் நான் இரண்டு கட்டளை போட்டேன். ஒன்று, வீட்டில் ஓர் ஆந்தையும் கண்ணில் படக்கூடாது. மற்றது, தர்மினி வாயைத் திறக்கவே கூடாது, குரலைக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள். கமலாசனி முழியன்களை அலுமாரிக்குள் திணித்துப் பூட்டினாள். கடைசி ஒன்று மிஞ்ச, வாசலில் வான் சத்தம் கேட்க, அதைப் பெரிய கதிரையின் மெத்தைக்குக் கீழே செருகிவிட்டு ஓடிவிட்டாள். என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

மாப்பிள்ளை பாலேந்திரன், அவருடைய தாயார், தாய்மாமன் வீரசிங்கம் மூவரும் வந்தார்கள். தர்மினி தேத்தண்ணி கொண்டுவந்தாள். என்ன படித்தீர் பிள்ளை என்று தாயார் கேட்டா. நான் பதில் சொன்னேன். சமைப்பீரோ என்று கேட்டா. நான் சொன்னேன். கனடா பிடிக்குமோ என்று கேட்டா. அதையும் நானே சொன்னேன். பிள்ளை தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றது. வீரசிங்கம் மருமகனைப் பார்க்க, மருமகன் தாயைப் பார்க்க, தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து குசினிக்குள் போய், அடுப்படியில் நின்ற கமலாசனியின் கையைப் பிடித்து, “பிறவியிலையோ, இல்லாட்டி இடையிலை வந்ததோ? மறைக்காமல் சொல்லுங்கோ. அங்கை இப்ப நல்ல டொக்டர்மார் இருக்கினம்” என்று கேட்டிருக்கிறா. என் பிள்ளையை ஊமை என்று நினைத்துவிட்டார்கள், அக்கா! கமலாசனி அவசரமாக இன்னொரு தட்டு வடையை நீட்ட, அந்த மனுசி பெரிய மூச்சு விட்டுக்கொண்டு விறாந்தைக்கு வந்து, முதல் இருந்த இடத்தில் இருக்காமல், பெரிய கதிரையில் பொத்தென்று இருந்தா.

“ஐயோ, என்னை நசிக்காதேங்கோ! நான் இன்னும் வளரவேணும்!”

மனுசி துள்ளி எழும்பியதை எழுத எனக்குச் சொல் இல்லை. வீரசிங்கத்தின் கையிலிருந்த வடை அவருடைய வேட்டியில். முருகா, முருகா என்று தாயார் கத்த, நானும் என்ன செய்வதென்று தெரியாமல் முருகா என்று கத்தினேன். பாலேந்திரன் மட்டும் மெத்தையைத் தூக்கிப் பார்த்து, “அம்மா, இது முழியன்! அக்காவின்ரை பிள்ளையள் நாள் முழுக்கப் பாக்கிறதெல்லோ!” என்று விழுந்து விழுந்து சிரித்தான். ஸ்காபறோத் தமிழ்க் கடைகளிலும் அந்தச் சீடி விற்கிறதாமே, எனக்கு ஏன் நீங்கள் எழுதவில்லை? அதோடு தர்மினிக்கும் சிரிப்பு வெடித்துவிட்டது. “மன்னியுங்கோ அன்ரி, அது நான்தான்” என்றாள். கதிரைக்குள் கேட்ட அதே குரல் பிள்ளையின் வாயிலிருந்து வந்ததும் தாயார் மறுபடி முருகா என்றா. “பிள்ளை கதைக்குமோ?” “நல்லாக் கதைப்பன் அன்ரி. அப்பாதான் வாய் திறக்க வேண்டாமெண்டவர்.” என் மானம் கதிரையிலிருந்து இறங்கிக் கேற்றுக்கு வெளியே போய்விட்டது.

நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் ஆந்தை கத்திவிட்டதே என்று தாயார் முணுமுணுத்துக்கொண்டே போனா. யோசித்துச் சொல்வார்களாம். பாலேந்திரன் தங்கமான பிள்ளை, போகும்போது மருமக்களுக்கு என்று முழியனில் தர்மினியின் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனான். அவர்கள் போன பிறகு நான் ஏசினேன். அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டே, “கலியாணம் கட்டமாட்டன் எண்டு நான் சொல்லேல்லை அப்பா. வாயைப் பொத்திக்கொண்டு கட்டமாட்டன் எண்டுதான் சொல்லுறன்” என்றாள்.

ஆகையால் அக்கா, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அந்தத் தாயாரோடு நீங்கள் கதையுங்கள். அது துணி ஆந்தை, சகுனத்தில் சேராது என்று சொல்லுங்கள். ஏழாம் பாகம் தொடங்கப் போகிறார்களாம். என் பிள்ளை அதில் ஒரு சொல்லும் பேசமாட்டாள், இது தகப்பன் தருகிற வாக்கு என்று அழுத்திச் சொல்லுங்கள். இந்தச் சம்பந்தம் தவறினால் எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

அத்தானுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மன் துணை நிற்பாள். கமலாசனி தனியாக அன்பு சொல்லச் சொன்னாள், கதிரை விசயத்தில் தான் குற்றவாளி இல்லை என்றும் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல் தட்டாத தம்பி,
விவேகானந்தன்

பி.கு: முத்திரை ஒட்டிய பிறகு கொழும்பில் தங்கியிருக்கிற அந்தத் தாயார் ரெலிபோன் எடுத்தா. சாதகம் நல்ல பொருத்தமாம், பிள்ளையையும் பிடித்துவிட்டதாம். “ஒரேயொரு விசயம், அந்த ஆந்தை வேலையை விட்டிட வேணும். அங்கை வந்து பிள்ளை ஒரு சத்தமும் போடாமல் வீட்டிலை இருந்தால் எங்களுக்குக் காணும்” என்றா. இத்தனை வருசமாக நானே சொல்லிவந்த சொல்தான் அக்கா. இன்னொருவர் வாயால் என் பிள்ளைக்கு அதைச் சொல்லக் கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. முடியாது என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான். பேசலாம் என்றால் வரட்டும், பாலேந்திரன் நல்ல பிள்ளை, பேசக்கூடாது என்றால் வேண்டாம் என்று சொல்லி ரிசீவரை வைத்தேன். கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தர்மினி ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஏழாம் பாகத்தில் முழியனின் அப்பா வருகிறார், எதற்கெடுத்தாலும் பயந்து பிள்ளையை ஏசிக்கொண்டே இருக்கிற ஆள், குரலுக்குத்தான் ஆள் அகப்படவில்லை என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆதலால் மேலே எழுதிய எதையும் யாரிடமும் சொல்ல வேண்டாம். புதன்கிழமை ரெலிபோன் எடுக்கவும் வேண்டாம், அன்றைக்கு எங்களுக்கு ஒலிப்பதிவு.