எங்களிட்டைப் பாஸ் இருக்கு

கீழே சின்ன எழுத்தில் இருப்பதை நான் வாசிப்பதில்லை. இதை வாய்விட்டு ஒப்புக்கொள்ள எனக்கு நாலு வருடம் பிடித்தது.

ஏனென்றால் பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் எனக்கிருந்த பெயர் அப்படி. விசா அலுவல் பார்க்கும் பிரெபெக்தூரிலிருந்து கடிதம் வந்தாலும் சரி, வீட்டு விண்ணப்பம் திரும்பி வந்தாலும் சரி, திரான்சியிலிருந்தும் ஒபர்வில்லியேயிலிருந்தும் ஆட்கள் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து (அந்தக் காலத்தில் என் கண்ணில் ஒரு குறையும் இல்லை, கண்ணாடி மரியாதைக்காகப் போட்டது), முதல் இரண்டு வரியையும் கடைசிக் கையெழுத்தையும் பார்த்துவிட்டு, "இது சிம்பிள் அண்ணை" என்பேன். பெரும்பாலும் அது சிம்பிளாகவே இருந்ததால் என் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் தங்கச்சி தர்சினிக்குக் கல்யாணம் முற்றானது. உடனே எழுந்த கேள்வி மண்டபமோ சாப்பாடோ அல்ல, கல்யாணக் காட்டை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்பது.

எங்கள் ஆட்களுக்கு அழைப்பிதழ் ஒரு தகவல் இல்லை. தகவல் எல்லாருக்கும் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும். மாப்பிள்ளை எங்கே வேலை, சமையல் யார், பெண்ணின் கூறைச்சேலை என்ன நிறம் என்பதெல்லாம் காட் அச்சாக முன்பே நோர்வே வரை தெரிந்திருக்கும். ஆனாலும் வீட்டுக்கு வந்து, தட்டத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து, கையில் தராவிட்டால் அவருக்கு அந்தக் கல்யாணம் தெரியாது. "கேள்விப்பட்டனான். எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்பார். அந்த ஒரு வசனத்தை வைத்து இரண்டு தலைமுறை பேசாமல் இருக்கலாம்.

எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் ஏற்கனவே பேசாமல் இருந்தார். அம்மாவின் அண்ணன், டென்மார்க்கில் ஹேர்னிங் என்ற ஊரில் இருக்கும் மாமா. காரணம் நான். மூன்று வருடத்துக்கு முன் என் கல்யாணத்துக்கு, "இந்தக் காலத்திலை ஆரம்மா காட் கொண்டு திரியிறது?" என்று வாட்சப்பில் அனுப்பி வைத்த மேதை நான்தான். மாமா பதிலுக்கு ஒரு பெருவிரல் படம் அனுப்பினார். நான் அதைச் சம்மதம் என்று நினைத்தேன். அதுதான் அவர் எங்களுக்கு அனுப்பிய கடைசிச் செய்தி. தாய்மாமன் நிற்கவேண்டிய இடத்தில் வேறொருவர் நிற்க, அம்மா மண்டபத்துச் சமையலறைக்குள் போய் நின்று அழுதார். வெங்காயம் என்று சொன்னார். அன்றைக்குச் சமையல் வெளியிலிருந்து வந்தது.

ஆகவே இந்த முறை மாமாவை நேரில் போய் அழைத்தாக வேண்டும். அவர் வராவிட்டால் தர்சினியின் கல்யாணமும் அம்மாவுக்குச் சமையலறைக்குள்தான். கூடவே ஸ்டுட்காட்டில் சித்தி, சூரிச்சில் பெரியம்மா. அப்பாவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்ததால் நானும் அம்மாவும் மட்டும்.

கார் தருவதற்கு ஆள் இருந்தது. அம்மா மறுத்துவிட்டார்.

"ரயிலிலை போவம். பகலிலை. நான் யன்னல் பக்கம் இருக்கோணும்."

இதற்கு ஒரு காரணம் உண்டு. அம்மா முதல் தடவை இந்த நாடுகளைக் கடந்தது ஒரு வான் வண்டியின் பின்பக்கத்தில், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு. அவர் பார்த்த ஐரோப்பா முழுக்க இருட்டு. இப்போது கைப்பையில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருக்கிறது. ஒருமுறை எல்லாரையும் போல நிமிர்ந்து உட்கார்ந்து போகவேண்டும் என்று ஆசைப்பட்டார்.

"இது சிம்பிள் அம்மா" என்றேன்.

ரயில் பாஸ் ஒன்று இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் நமக்கு விருப்பமான நாலு நாட்கள், எந்த நாட்டிலும் ஏறலாம், இறங்கலாம். எங்களுக்கு நாலு பயணம்: ஸ்டுட்காட், சூரிச், ஹேர்னிங், திரும்பப் பாரிஸ். நாலு நாள், நாலு பயணம். இரண்டு பாஸையும் என் போனில் இறக்கி, அம்மாவிடம் காட்டி, பாராட்டையும் பெற்றுக்கொண்டேன். விதிமுறைகள் என்று பன்னிரண்டு பக்கம் வந்தது. "வாசித்தேன், ஏற்றுக்கொள்கிறேன்" என்ற பொத்தானை அமத்தினேன். அதில் பாதி உண்மை.

பிறகு அம்மா கலண்டரைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு வெளிக்கிடுறதோ? ராகுகாலமடா!"

இருக்கை பதிவு செய்தாகிவிட்டது, மாற்ற முடியாது. அம்மாவிடம் இதற்கும் வழி இருந்தது. நல்ல நேரத்தில் புறப்பட முடியாதவர்கள் தங்கள் பொருள் ஒன்றை முன்கூட்டியே நல்ல நேரம் பார்த்து வெளியே அனுப்பி வைத்தால் பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. பரஸ்தானம் என்று பெயர். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் பெட்டி கற்பூரம் காட்டப்பட்டு, கீழே இருந்த சலூனுக்குப் புறப்பட்டது. சலூன்கார அண்ணை அதை முடிவெட்டும் கதிரைகளுக்குப் பக்கத்தில் பயபக்தியோடு வாங்கி வைத்தார். (அவர் வாழ்க்கையில் அது முதல் பெட்டி இல்லை என்று பிறகு சொன்னார்.)

"பெட்டி வெளிக்கிட்டிட்டுது. டிக்கட்?" என்றார் அம்மா.

"டிக்கட் போனுக்குள்ளை அம்மா."

"அப்ப அதையும் இப்பவே தொடக்கிவிடு."

தர்சினி கையில் கோப்பிக் கோப்பையோடு வந்து, "மமோன், ந்நோன்!" என்று பிரெஞ்சில் வேண்டாமம்மா என்று கத்தித் தலையில் கைவைத்தாள். அவளுக்கு விளங்கியிருந்ததோ, வழக்கமான சலிப்போ தெரியாது. நான் எனக்கு விளங்கிவிட்டதாக நினைத்தேன். அன்றைக்குக் காலை ஸ்ட்ராஸ்பூர் போகும் ரயில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பாஸிலும் சேர்த்தேன். "இந்த நாள் பயன்படுத்தப்படும். நிச்சயமா?" என்று கேட்டது. நிச்சயம் என்றேன். திரை பச்சையானது. அம்மா போனுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். கமராக் கண்ணில் பட்டுவிட்டதால் அந்தப் பயணத்தில் நான் எடுத்த படங்களெல்லாம் மஞ்சளாகவே வந்தன.

பாஸில் நாளுக்கு ஒன்றாக இருந்த நாலு கட்டங்களில் ஒன்று அப்போதே நிறம் மாறியது. அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் புறப்பட்டோம். ஐரோப்பாவைப் பற்றி என்ன சொல்வது? சோபாக்கள் நன்றாக இருந்தன. ஸ்டுட்காட்டில் சாம்பல் நிறத் தோல் சோபா, சூரிச்சில் மண்ணிறம். சூரிச்சில் ஒரு பெரிய ஏரி உண்டாம், பெரியம்மா வீட்டுச் சுவரில் படம் பார்த்தேன். இரண்டு வீட்டிலும் ஒரே தொலைக்காட்சி, ஒரே மட்டன் ரோல்ஸ், ஒரே கல்யாண அல்பம். "சாப்பிடாமல் போகேலாது" என்பதும் ஒரே தொனியில்.

ஆனால் ரயிலில் அம்மா ராணி. யன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். டிக்கட் பார்ப்பவர் தூரத்தில் வரும்போதே கடவுச்சீட்டை எடுத்துப் படமிருக்கும் பக்கத்தைத் திறந்து நீட்டுவார்.

"அம்மா, அவை அதைக் கேக்கேல்லை."

"கேக்காட்டிலும் காட்டுவம். இருக்குத்தானே?"

ஜெர்மன்காரர் ஒருவர் அதை வாங்கி மரியாதையாகப் பார்த்து, "நல்ல படம்" என்று திருப்பிக் கொடுத்தார். அம்மா சூரிச் வரை சிரித்துக்கொண்டு வந்தார்.

மாமா வீட்டில்தான் சிரிப்பு நின்றது. கதவைத் திறந்தார். "வாங்கோ" என்றார். ஒரு குறையும் சொல்ல முடியாத மரியாதை, அதுதான் பயமாக இருந்தது. அம்மா தட்டத்தை நீட்டினார். மாமா எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கி, காட்டை முழுதாக வாசித்து (சின்ன எழுத்தையும் சேர்த்து), மேசையில் வைத்துவிட்டு, "பாப்பம்" என்றார்.

எங்கள் பாஷையில் 'பாப்பம்' என்றால் வரமாட்டேன் என்று பொருள் என்பது எல்லாருக்கும் தெரியும். நான் என் வாட்சப் குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "சீச்சீ, அதெல்லாம் ஒண்டுமில்லை மருமோன்" என்று மாமா வானிலைச் செய்தியைப் பார்க்கத் தொடங்கினார். ஒரு முழு நாள் அந்த வீட்டில் டென்மார்க்கின் காற்றையும் மழையையும் பற்றி மட்டும் பேசப்பட்டது.

மூன்றாம் நாள் விடிந்ததும் புறப்பட்டோம். மாமா இடுப்பில் கட்டிய சாரத்தோடு வாசலுக்கு வந்து, "பொறுங்கோ, நான் கொண்டுபோய் விடுறன்" என்றார். இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த அம்மா வெடித்தார்.

"தேவையில்லை அண்ணை. வாறதெண்டால் வாங்கோ, வராட்டில் விடுங்கோ. நான் இனி இந்த வாசல் மிதியன். எங்களுக்கு ஒருத்தற்றை காரும் வேண்டாம். எங்களிட்டைப் பாஸ் இருக்கு!"

பெட்டியை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தோம். அம்மா அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. ரயிலும் நின்றது, ஏறினோம். உட்கார்ந்த பிறகுதான் அன்றைய பயணத்தைப் பாஸில் சேர்க்க நினைத்தேன். போன் மறுத்தது. திரும்ப அமத்தினேன். திரும்ப மறுத்தது. நாலு கட்டங்களும் நிறம் மாறியிருந்தன. அப்போது டிக்கட் பார்ப்பவர் வந்தார், அம்மா கடவுச்சீட்டை நீட்டினார்.

அவர் நல்ல மனிதர். என் போனை வாங்கிப் பொறுமையாகப் பார்த்தார். "முதல் நாள் பாரிஸிலிருந்து ஸ்ட்ராஸ்பூர் போயிருக்கிறீர்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

"போகவில்லை."

"போகாத ரயிலுக்கு ஏன் ஒரு நாளைச் செலவழித்தீர்கள்?"

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் திரட்டி விளக்கினேன். மறுநாள் புறப்படும் நேரம் கூடாத நேரம், அதில் தொடங்கினால் பயணம் கெட்டுவிடும், அதனால் முதல் நாளே தொடங்கினோம்.

அவர் என்னையும் அம்மாவையும் பார்த்தார். "இப்போது பயணம் எப்படிப் போகிறது?" என்று கேட்டார். சத்தியமாகக் கிண்டல் இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார்.

புது டிக்கட் வாங்கினால் போதும் என்றும் சொன்னார். ஆனால் அம்மா என் சட்டையைப் பிடித்து, "என்னவாம்?" என்றார். "பாஸ் செல்லாதாம்" என்றேன்.  அம்மா கடவுச்சீட்டைப் பைக்குள் வைத்தார். எழுந்தார். "இருங்கோ அம்மா, டிக்கட் எடுக்கலாம்" என்று நான் சொல்லி முடிக்க முன் அவர் கதவடியில் நின்றார். சீருடை போட்ட ஒருவர் செல்லாது என்று சொன்னபின் அந்த வண்டியில் உட்கார்ந்திருக்க அம்மாவால் முடியாது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டார். பெட்டியோடு நானும்.

ஸ்டேஷன் என்பது உட்கார ஒரு வாங்கும் நேரம் பார்க்க ஒரு மணிக்கூடும்தான். சுற்றிவரப் பார்லி வயல். அம்மா வாங்கில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"இந்த முறையும் பேப்பர் இல்லாமலோடா தம்பி?"

நான் வாழ்க்கையில் எத்தனையோ முறை அவமானப்பட்டிருக்கிறேன், பெரும்பாலும் தகுதியோடு. ஆனால் அந்த வாங்கில் பட்ட வெட்கத்துக்கு அளவில்லை. லாச்சப்பலில் அத்தனை பேரின் பேப்பரைப் பார்த்தவன், சொந்தத் தாயின் பேப்பரைப் பார்க்கவில்லை.

அம்மாவே என் போனைக் காட்டி, "அண்ணைக்கு எடு" என்றார்.

நான் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். மாமா கேட்கவில்லை. "எங்கை நிக்கிறியள்? அசையாமல் அங்கையே நில்லுங்கோ" என்று வைத்துவிட்டார்.

போன் சத்தமாக இருந்ததால் அம்மாவுக்கும் கேட்டது. அம்மா கண்ணைத் துடைத்தார். வான்காரன் முதன்முதல் அவரை ஜெர்மனியில் ஒரு ஸ்டேஷனில் இறக்கிவிட்டுப் போனபோது, காசுபோட்டுப் பேசும் போனிலிருந்து அண்ணைக்குத்தான் எடுத்தாராம். அன்றைக்கும் அவர் சொன்னது அதே வசனம்தானாம்.

மாமா சாரத்துக்கு மேல் குளிர் ஜக்கெட் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். நான் சலூன், பரஸ்தானம், சந்தனப் பொட்டு என்று எல்லாவற்றையும் சொன்னேன். மாமா போனை வாங்கி நிறம் மாறிய கட்டங்களைப் பார்த்தார். தோள் குலுங்கியது. பிறகு அந்தப் பார்லி வயல் முழுக்கக் கேட்கச் சிரித்தார்.

"பாசுக்கும் நாள் பாத்தனியோடி? உனக்கு இன்னும் அந்த விசர் விடேல்லையோ?"

"சிரிக்காதையுங்கோ அண்ணை" என்று சொன்ன அம்மாவும் சிரித்தார். மூன்று வருடத்துக்குச் சேர்த்து இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க அனுமதி இருக்கவில்லை.

இனி மிதிக்கமாட்டேன் என்ற வாசலை அம்மா ஒரு மணித்தியாலத்துக்குள் மிதித்தார். இன்னும் மூன்று நாள் தங்கினோம். மாமா தர்சினியின் கல்யாணத்துக்கு ஒரு கிழமை முன்பே வந்து, தாய்மாமன் நிற்கவேண்டிய இடத்தில் பட்டு வேட்டியோடு நின்றார். நின்றதோடு விடவில்லை, வந்தவர்கள் எல்லாரிடமும் இந்தக் கதையைச் சொன்னார். என் பேப்பர் வேலை அன்றோடு படுத்தது. இப்போது எங்கள் குடும்பத்தில் யார் எதைத் தொடங்கினாலும், புதுக் காரோ புது வேலையோ, "முதல்நாளே அமத்திப்போட்டியோ?" என்றுதான் கேட்கிறார்கள். அம்மா மட்டும் அசையவில்லை. "நேரம் பாத்துத் தொடக்கினபடியாத்தானே அண்ணை வந்தவர்" என்கிறார்.

போன மாதம் மாமா தன் மகனின் கல்யாணத்துக்குக் காட் கொண்டு வந்தார். நேரில், தட்டத்தோடு, ரயிலில், பாஸ் வாங்கி. அம்மா தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனதும், "ஒருக்காச் சரியோ எண்டு பார் மருமோன்" என்று போனை நீட்டினார். இப்போது எனக்கு உண்மையாகவே கண்ணாடி தேவை. போட்டுக்கொண்டு பார்த்தேன். அவருக்கு நாலு பயணம். பாஸ் ஐந்து நாளுக்கு. முதல் கட்டம், அவர் வீட்டை விட்டு வெளிக்கிட முதல்நாளே நிறம் மாறியிருந்தது.

"மாமா, இது..."

"உஷ்!" என்று குசினிப் பக்கம் பார்த்தார். "கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை. புதன்கிழமை காலமை நேரம் நல்லாயிருந்தது."

அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. எழுதவும் கூடாது என்று மாமா சொன்னதாக ஞாபகம் இல்லை. கீழே சின்ன எழுத்தில் சொன்னாரோ தெரியாது.