கடமுடாவும் பட்டு நூல் கட்டிய லீவரும்

காஞ்சிபுரத்தில் கடவுள்களைக்கூட ஒருவழியாக எண்ணி முடித்துவிடலாம். கடமுடா அண்ணனைப் போன்றவர்களை எண்ணத் தொடங்கினால் முதல் விரலிலேயே கணக்கு நின்றுவிடும்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். ஆதார் அட்டையில் அது பத்திரமாக இருக்கும். ஊர் அவரை அவருடைய மொபெட்டின் சத்தத்தால்தான் அறியும். இரண்டு தெரு தள்ளி வரும்போதே அந்த மொபெட் கடமுட, கடமுட என்று கட்டியம் கூறிக்கொண்டு வரும். நான்கு சக்கர வண்டிகளின் சத்தத்தையெல்லாம் தீர்த்துவைக்கிறவர் தன் இரண்டு சக்கர வண்டியை மட்டும் ஏன் அப்படியே விட்டிருக்கிறார் என்று ஒருநாள் கேட்டேன்.

“அது நோவு இல்ல சார். பேசிக்கினு வருது. தனியா வர்ற மனுசனுக்கு ஒரு தொண வாணாமா?”

பிள்ளையார்பாளையத்து ஓரத்தில், சாயப்பட்டறைக்குப் பக்கத்தில் அவருடைய ஷெட். பட்டறையின் வாய்க்காலில் ஒருநாள் அரக்குச் சிவப்பு ஓடும், மறுநாள் மயில் கழுத்து ஓடும். பழுது பார்க்க வந்த வண்டிகள் திரும்பிப் போகும்போது சக்கரத்தில் கொஞ்சம் கல்யாண நிறம் ஒட்டிக்கொண்டு போகும். அப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்கிற ஒரே மெக்கானிக் அவர்தான்.

ஷெட்டில் இரண்டே சட்டங்கள். வண்டியைக் கொண்டுவருகிறவர் முதலில் அந்தச் சத்தத்தைத் தன் வாயால் போட்டுக் காட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கக் கூடாது. வாயால் போடாதவன் வண்டியின் பானெட்டை அவர் தொடமாட்டார். சாவியை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

ஊரே நடுங்குகிற கல்யாண மண்டப முதலாளி ஒருவர், வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில், நடு ஷெட்டில் நின்று “நற நற நற” என்று பல்லைக் கடித்ததை நான் பார்த்திருக்கிறேன். “இது பிரேக் கட்டை தேஞ்சி இரும்பும் இரும்பும் ஒரசுது” என்று உடனே தீர்ப்பு வந்தது. முதலாளியின் டிரைவர் மட்டும் அன்று முழுவதும் சாயப்பட்டறைப் பக்கம் திரும்பியே நின்றிருந்தான். பாவம், தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்துத் தெரு சர்ச்சின் பாஸ்டர் வந்தபோது வேறு சிக்கல். அவர் குரல் வளம் உள்ளவர். “ஊஊம்ம்” என்று தொடங்கி ஏற்றி, இறக்கி, ஒரு குழைவு குழைந்து நிறுத்தினார்.

“பாஸ்டரே, ரொம்ப நல்லா கீது. ஆனா பாட்டா பாடாதீங்க. சத்தத்த மட்டும் சொல்லுங்க” என்றார் கடமுடா.

கல் குவாரிக்காரர் ஒருவருக்கு மூன்று இடங்களில், பின் அச்சின் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலையே மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு நாள் தூக்கமில்லாமல் வந்தவர், தொண்டை கிழிய “கிறீஈஈச்” என்றார். கடமுடா ஒரு சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் தட்டுக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவிலிருந்து பட்டாணி அளவு ஒரு ஜல்லிக்கல்லை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“பத்திரமா வச்சிக்கோபா. இதான் உன் டிஃபரன்ஷியலு.”

எங்கள் வண்டியின் கதைக்கு வருகிறேன். என் மனைவி சுமதி விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறாள். கிணற்றடிக் கொட்டகை, ஏரிக்கரைத் தோப்பு, உழுத வயலுக்கு நடுவே பந்தல் என்று அவளுக்கு வருகிற அழைப்பெல்லாம் தார் ரோடு முடிகிற இடத்தில்தான் தொடங்கும். அதனால் நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய பிக்கப் ஒன்றை வாங்கினோம். மலைப்பக்கம் ஓடிய வண்டி. டிரைவர், சுமைகூலி, சாம்பாருக்கு உப்பு பார்ப்பவர் எல்லாம் நான்தான். மிச்ச நேரத்தில் எழுதுவேன்.

கார்த்திகை மழைக்கு நடுவே தாமல் ஊரில் ஒரு காதுகுத்துக்குச் சமைக்க ஒப்புக்கொண்டிருந்தோம். முந்நூறு பேருக்கு மதியச் சாப்பாடு. அதுவரை ஐம்பது இலையைத் தாண்டாதவள் சுமதி. சரியாக நடந்தால் அந்தப் பக்கத்துத் தோப்பு விசேஷங்களெல்லாம் அவளுடையவை. சாப்பாடு நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் திரும்ப ஐம்பது இலைதான். விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பு வண்டி அரைக்கத் தொடங்கியது. தொடங்கியது என்று சொல்வது பொய். ஒன்றரை மாதமாகவே அரைத்துக்கொண்டிருந்தது. நான்தான் வானொலியின் ஒலியைக் கூட்டி வைத்துச் சமாளித்துவந்தேன். முகூர்த்த நாள் என்பதால் வாடகைக்கு வேறு வண்டி எதுவும் இல்லை.

ஷெட்டுக்குப் போனோம். நான் நடுவில் நின்றேன்.

“மழை ராத்திரியில் யாரோ கூழாங்கற்களை மெல்லுவதுபோல…” என்று தொடங்கினேன்.

“இன்னாது?”

“அதாவது, உறக்கத்தில் ஒரு மலை பல்லைக் கடித்தால்…”

“சார், மல பல்லக் கடிச்சி நான் கேட்டதில்ல. வண்டி இன்னா சொல்லுது?”

சுமதி என்னை ஒரு கையால் ஓரமாகத் தள்ளினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். “க்ர்ர்ரக்… க்ர்ர்ரக்… டொப்” என்றாள். அந்த ‘டொப்’பில் ஷெட்டின் தகரக் கூரையே ஒருமுறை நிமிர்ந்து உட்கார்ந்தது. வண்டியே வந்து அவள் தொண்டையில் நின்றதுபோல இருந்தது. கடமுடா மெல்லக் கண்ணைத் திறந்தார்.

“எத்தினி வருசமா தொழில் பண்றேன், இந்த மாதிரி யாரும் சொன்னதில்லம்மா. நேரா போனா வருதா, திரும்பினா வருதா?”

“திரும்பினாதாண்ணா. தெரு மொனையில மெதுவா ஒடிக்கிறப்ப.”

“மண்ணு ரோட்டுல?”

“மண்ணுல சத்தமே இல்ல. தார்லதான்.”

அவர் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பார்க்கவில்லை, மீட்டரைப் பார்க்கவில்லை. பெரிய கியருக்குப் பக்கத்தில் இருந்த குட்டி லீவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது லீவர்போல இல்லை. சீமந்தப் பெண்போல இருந்தது. சந்தனம், குங்குமம், காய்ந்த எலுமிச்சம்பழம், எல்லாவற்றுக்கும் மேல் அரக்குச் சிவப்புப் பட்டு நூல். லீவரை வளைத்து, சீட்டின் கீழ்க் கம்பியோடு இழுத்துக் கட்டியிருந்தது.

“இது இன்னாம்மா?”

“ஆயுத பூசைக்குக் கட்னேண்ணா.”

நெசவு வீட்டில் ஆயுத பூசை என்றால் தறிக்கு, அதில் ஓடும் நாடாவுக்கு, ராட்டைக்கு எல்லாவற்றுக்கும் நூல் உண்டு. சுமதி அந்த வீட்டில் பிறந்தவள். தன் கரண்டிகளுக்கும் கிரைண்டருக்கும் கட்டியவள் வண்டியை மட்டும் விடுவாளா? ஸ்டியரிங்கில் கட்டினால் நான் திருப்ப வேண்டும், பெரிய கியரில் கட்டினால் மாற்ற வேண்டும். யாரும் தொடாத லீவர் ஒன்று சும்மா நிற்கிறது. சாமிக்கு அதைவிடத் தோதான இடம் ஏது?

“அந்த லீவரு எதுக்குன்னு தெரியுமா சார்?” என்று என்னைக் கேட்டார்.

“அது முதலிலிருந்தே அங்கே இருந்தது” என்றேன். நான்கு சக்கரமும் எப்போதும் தானாகவே இழுக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

“இத முன்பக்கமா யாரு தள்ளுனது?”

பூசைக்கு முந்தின நாள் வண்டியைக் கழுவியபோது, அதன் அடியில் துடைப்பதற்காக நான்தான் தள்ளினேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு, கிண்டலே இல்லாமல், விளக்கினார்.

“சாமி தூக்கிக்கினு மூல திரும்பறாங்கள்ல, பாத்துருக்கியா? முன்னால இருக்கறவன் சுத்திக்கினு ஓடுவான். பின்னால இருக்கறவன் கிட்டக்கவே கால மாத்துவான். ரெண்டு பேரும் ஒரே நட நடந்தா சாமி சாஞ்சிடும். இந்த லீவரு முன்னால இருந்தா நாலு சக்கரமும் ஒரே நட. சேத்துல பரவால்ல, சக்கரம் வழுக்கி சரி பண்ணிக்கும். தார்ல எங்க வழுக்கும்? அதான் உள்ள பல்லு பல்ல அரைக்குது. ஒன்ற மாசமா நீங்க நாலு பேரையும் காலோட கால் கட்டி ஊர்வலம் உட்டுக்கினு இருக்கீங்க.”

“அப்ப நூல அறுக்கணுமா?” என்றாள் சுமதி. முகம் மாறிவிட்டது. “இத கட்டின ஏழாம் நாளுதாண்ணா தாமல்ல இருந்து வந்து வெத்தல பாக்கு வச்சாங்க. நாளன்னிக்கி விசேசம் வச்சிக்கினு இத அறுக்கறதா?”

நான் வாயைத் திறந்தேன். கடமுடா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

“யாரு அறுக்கச் சொன்னது? கட்டின கைதான அவுக்கணும். அவுத்துத் தா. லீவர பின்னால தள்ளிட்டு அதே நூல அப்படியே கட்டிடு.”

அறுந்த பட்டிழையைக் கண்ணுக்குத் தெரியாமல் முடிபோடுகிற குடும்பத்தின் முடிச்சு அது. அவிழ்க்க முக்கால் மணி நேரம் ஆனது. ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு யோசனை சொன்னார்கள். அவிழ்ந்த பிறகும் லீவர் அசையவில்லை. “இறுகிக்கினு கீது. நேரா பத்தடி பின்னால எடு சார்” என்றார். எடுத்தேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல லீவர் நழுவியது. தெருமுனையில் இடப்பக்கம் ஒடித்தேன், வலப்பக்கம் ஒடித்தேன். ஒரு சத்தமும் இல்லை. சாயப்பட்டறை வாய்க்கால் ஓடுவது காதில் விழுந்தது. சுமதி நூலை மறுபடி கட்டினாள், முன்பைவிட இறுக்கமாக.

“வெறும் வண்டி சொல்றத நம்பக் கூடாது. பாரத்தோட கேக்கணும். நானும் வரேன்” என்றார் அவர்.

விசேஷத்தன்று காலையில் முந்நூறு பேரின் சாப்பாட்டோடு கிளம்பினோம். கடமுடா பின்னால் தொட்டியில், சாம்பார் அண்டாவைக் கட்டிப்பிடித்து, தரையில் காதை வைத்துப் படுத்திருந்தார். தாமல் வரைக்கும் அவரிடமிருந்து ஒரே ஒரு குரல்தான் வந்தது. “சார், கர்ர்னு ஒண்ணு வருது. நிறுத்து.” நிறுத்தினேன். “சரி சரி, வட கூடை ஒரசுது. போ.”

ஏரிக்கரையை விட்டுத் தோப்புக்குள் இறங்கியதும் பின் சக்கரங்கள் சேற்றில் இறங்கின. நான் மிதிக்க மிதிக்க அவை அதே இடத்தில் சுற்றிச் சுற்றிக் குழி தோண்டின. தோப்புக்கு அந்தப் பக்கம் மேளம் கேட்டது. காது குத்திய குழந்தையின் அழுகையும் கேட்டது. அப்படியென்றால் அடுத்தது பந்திதான்.

இப்போதுதான் அந்தக் குட்டி லீவர் வேண்டும். முன்னால் தள்ளினால் நான்கு சக்கரமும் இழுக்கும். சுமதி முடிச்சில் கை வைத்தாள். ஈரக் காற்றில் பட்டு இறுகி, நகம்கூட நுழையவில்லை.

கடமுடா இறங்கிவந்து ஜன்னலில் நின்றார். சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்தார். நீட்டவில்லை, கையிலேயே வைத்திருந்தார். சுமதி நூலைப் பார்த்தாள், மேளம் வந்த பக்கம் பார்த்தாள், முடிச்சை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

“வாணாமா? சரி, உடு” என்று பிளேடைப் பையில் போட்டுக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனார்.

அறுபதைத் தாண்டிய மனிதர். தோளைக் கொடுத்து, “மிதி சார்” என்றார். மிதித்தேன். தாமல் ஏரிக்கரையின் சேறு மொத்தமும் அவர்மேல் எழும்பி விழுந்தது. “இன்னொரு தபா” என்றார். இன்னொரு முறை விழுந்தது. கண்ணாடியில் பார்த்தால், பின்னால் ஒரு மண் பொம்மை தும்மிக்கொண்டிருந்தது. மூன்றாம் முறை வழுக்கி முழங்காலில் விழுந்தார். எழுந்து, “ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, மிதி” என்றார்.

“போதும்ணா, ஏறு” என்றாள் சுமதி.

குனிந்தாள். பல்லால் ஒரே கடி. நூல் அறுந்தது. தன் கையாலேயே லீவரை முன்னால் தள்ளினாள். வண்டி ஒருமுறை குலுங்கி, நான்கு காலாலும் சேற்றை உதறிக்கொண்டு மேலேறியது. கடமுடா ஏறவில்லை. பக்கத்திலேயே நடந்துவந்தார், காதை முன் சக்கரத்தின் பக்கம் சாய்த்துக்கொண்டு, குழந்தை நடப்பதைப் பார்த்து வருகிறவர்போல.

சாப்பாடு நேரத்துக்கு இறங்கியது. பந்தி உட்கார்ந்தது. கடமுடா, அழைக்க வந்தவர்களிடம், “இந்தக் கோலத்துல எப்டி?” என்று சேற்றைக் காட்டி மறுத்துவிட்டு, கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டு வண்டித் தொட்டியின் விளிம்பில் தனியாக உட்கார்ந்திருந்தார். சுமதி அங்கேயே ஒரு இலையை விரித்தாள். இனிப்பிலிருந்து வரிசையாகப் பரிமாறினாள். அவர் கையை இலையில் வைக்காமல் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாண்ணா, எதனா சத்தம் வருதா?” என்றாள், நிஜமான பயத்தோடு.

“நூறு பேரு ஒண்ணா அப்பளம் ஒடைக்கறாங்கம்மா” என்றார், கண்ணை மூடிக்கொண்டே. “ஒரு பழுதும் இல்ல.”

மூன்று முறை சோறு கேட்டார், இரண்டு முறை பாயசம் கேட்டார். அவர் இலையை மடிக்கும்வரை சுமதி உட்காரவில்லை. தண்ணீர்ச் சொம்போடு நானும்.