கிளாக்கர் ஐயாவின் கைக்காயம்

கிஷாந்தன் முதலில் நசுக்கியது கள்ளிச்செடியிலிருந்த ஒரேயொரு பூச்சியைத்தான். உள்ளங்கை முழுவதும் சிவந்துவிட்டது.

மனைவி விஜிதாவின் பிறந்தநாளுக்கு அவன் பண்டாரவளையில் வாங்கிவந்த கள்ளிச்செடி அது. முள்ளைப் பரிசாகக் கொடுத்த முதல் புருஷன் என்று அவள் கேலி செய்தாலும், சமையலறை ஜன்னலில் வைத்துப் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டாள். இப்போது செடியெங்கும் வெள்ளைப் பஞ்சை ஒட்டினாற்போல் பூச்சி அப்பிக் கிடந்தது. நோய்ச்செடியை வாங்கித் தந்துவிட்டதாக அவள் நினைத்துவிடக் கூடாதே என்று அவனுக்குக் கவலை. அவள் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போயிருந்தாள். திரும்புவதற்குள் சுத்தம் செய்துவிட நினைத்தான்.

துணியால் துடைத்தான். பூச்சிகள் நசுங்கி, சாயம் வெள்ளைச் சட்டையின் கைக்கு ஏறியது. தண்ணீர் விட்டுத் தேய்த்தான். சிவப்பு நெஞ்சு வரைக்கும் பரவியது. மற்றச் சட்டைகள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து மழையில் மூன்று நாளாகக் காயாமல் கொடியில் தொங்கின. வேறு வழியில்லாமல், சட்டைப்பையிலிருந்த லேஞ்சியை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு, தான் கணக்கெழுதும் கிளாக்கராக இருக்கும் தோட்ட ஆபீசுக்கு அப்படியே போனான்.

என்ன ஆச்சு என்று கேட்ட அழகர் கங்காணியிடம், சவரம் செய்யும்போது வெட்டிவிட்டது என்றான். உள்ளங்கையில் எதற்குச் சவரம் என்று கங்காணி கேட்கவில்லை. அவர் கண்ணெல்லாம் லேஞ்சியின் மேல் இருந்தது. ஈரக்கையின் சாயம் ஊறி அதுவும் சிவந்துகொண்டிருந்தது.

"ரத்தம் நிக்கலீங்களே, ஐயா" என்றவர், தேயிலைக் கொழுந்து லொறியை மறித்து அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்.

வழியில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் மலையிலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒருத்தி அழுதேவிட்டாள்.

தோட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸ் விஜயலெட்சுமி ஊசியில் மருந்தை ஏற்றினார். ஊசியின் நீளத்தைப் பார்த்ததும் கிஷாந்தனின் வைராக்கியம் உடைந்தது.

"காயமில்லீங்க. கள்ளிச்செடியில இருந்த பூச்சி. நசுக்கினா இப்படிச் சாயம் விடுது. விஜிதாவுக்கு மட்டும் தெரிய வேணாம்."

விஜயலெட்சுமி ஊசியைக் கீழே வைத்தார்.

"காலையில டீச்சரம்மாவையும் பஸ்ஸிலேருந்து கூட்டியாந்தாங்க, ஐயா. சேலையெல்லாம் இதே செவப்பு. மூக்குல ரத்தம்னாங்க, ஒங்களுக்குச் சொல்ல வேணாம்னாங்க. ரெண்டு பேரும் பேசி, ஏதாவது ஒரு நோவா முடிவு பண்ணிட்டு வாங்க."