போன கல்லா, வர்ற கல்லா?

போர்ட் பிளேரில் உள்ள எல்லா வியாதிகளும் ஒரே மனிதருக்கு வந்திருக்கின்றன. ஆனால் அவர் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. டெலானிபூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்தகப் பொறுப்பாளர். பயிற்சிக்கு வரும் பார்மசி மாணவர்களை, தானே நோயாளியாக நடித்துத்தான் சோதிப்பார். அதனால் பெயர் பேஷன்ட் சார்.

ஒருமுறை காது கேட்காதவராக வந்து, மூலத்துக்கான களிம்பை எங்கே தடவுவது என்று ஒரு மாணவனைக் கத்திக் கத்திச் சொல்ல வைத்தார். வரிசையே சிரித்தது.

"என் ரகசியத்தை ஊருக்கே ஏலம் விட்டுட்டியே! ஃபெயில்!"

இன்னொருமுறை கப்பலில் வாந்தியெடுத்து வந்தவராகக் கவுண்டர் முன்னே சுருண்டு படுத்தார். பயிற்சி மாணவர்கள் திகைத்து நிற்க, நிஜ நோயாளி ஒருவர் பாவம் பார்த்து எலுமிச்சம்பழம் நீட்டினார். அவருக்கு மட்டும் பாஸ்.

என் மகள் ஏற்கெனவே ஒருமுறை தவறியிருந்தாள். சார் கையெழுத்து இல்லாமல் பயிற்சி முடியாது. பயிற்சி முடியாமல் வேலை இல்லை. மறுமுறை நானும் துணைக்குப் போனேன். அதுதான் வினை.

"பாயி சாப், இன்னைக்கு நீங்கதான் பேஷன்ட்" என்று சார் என்னைக் கவுண்டர் முன் நிறுத்தி, காதில் வசனம் ஓதினார்.

கவுண்டருக்கு உள்ளே நின்ற மகளிடம் ஒப்பித்தேன்: "பேட்டி, கல் ரெண்டு கோலி."

பேட்டி என்றால் மகளே, கோலி என்றால் மாத்திரை. கல் என்றால் எங்கள் தீவு இந்தியில் நேற்று; நாளைக்கும் அதே சொல்தான். எல்லாரும் வழுக்கி விழுந்த இடம் இது.

மகள் கேட்டாள்: "போன கல்லா, வர்ற கல்லா?"

சார் சொல்லிக்கொடுத்த வசனம் அத்தோடு தீர்ந்துவிட்டது. சாரைத் திரும்பிப் பார்த்தேன்.

"சரி, மாத்திரை அட்டையைக் காட்டுங்க."

பதற்றத்தில், சட்டைப்பையில் இருந்த என் பிரஷர் மாத்திரை அட்டையை நிஜமாகவே எடுத்து நீட்டிவிட்டேன். கிழமைகள் அச்சிட்ட அட்டை. அன்று புதன். வியாழனும் காலி.

"அப்பா! நாளைக்கு உள்ளதையும் இன்னைக்கே முழுங்கிட்டீங்களா?"

காலையில், போட்டோமா இல்லையா என்ற கவலையில் இன்னொன்று போட்டிருக்கிறேன்.

சாரின் நடிப்பெல்லாம் பறந்தது. "அரே, உட்காருங்க, உட்காருங்க!" பிரஷர் பார்த்தார், முகம் சுருங்கியது. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தார். சாயங்காலம் வரை படுக்க வைத்தார்கள்.

"சார், பொண்ணு ரிசல்ட்...?"

"அவ அப்பவே பாஸ். நீங்கதான் ஃபெயில். வாயை மூடிட்டுப் படுங்க."

வீட்டுக்குக் கிளம்பியபோது சாரும் கூடவே எங்கள் வீட்டு மேடு ஏறினார். எனக்கு மூச்சு வாங்கவில்லை என்று எத்தனை முறை சொல்லியும், அந்த மனிதர் என் கையை விடவில்லை.