நூலகத்தில் ஓட்டிய தறி

வாய் திறந்து கேட்கக் கூச்சப்படுகிறவன் எத்தனை பேரைக் கஷ்டப்படுத்துவான் என்பதற்குக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியே சாட்சி.

நான் சூலூரில் விசைத்தறி ஓட்டுகிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மகள் கவிதா, பஞ்சுத் தூசி நுரையீரலை என்ன செய்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறாள். (என்னைக் கேட்டிருந்தால் இருமியே காட்டியிருப்பேன்.) மறுநாள் ஆய்வுக்குழு முன்னால் அவள் பேச வேண்டும். புதுக் கட்டுரைகளைப் படிக்காமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து வண்டியிலிருந்து விழுந்து அவள் காலில் மாவுக்கட்டு. கட்டுரைகள் உள்ள தளமோ கல்லூரி நூலகத்துக் கம்ப்யூட்டரில்தான் திறக்கும். கூடப் படிக்கிறவர்களுக்கும் அதே நாள், அதே ஓட்டம். மிஞ்சியது நான்.

ஒரு சீட்டில் மூன்று ஆங்கில வார்த்தைகளை எழுதிக் கொடுத்தாள். "இந்த மூணையும் சேத்துப் போட்டுத் தேடுனா பத்துப் பன்னண்டு வரும்ப்பா. வர்றது எல்லாத்தையும் பென் டிரைவ்ல இறக்கிட்டு வந்துருங்க."

நூலகர் அம்மா தளத்தைத் திறந்து கொடுத்து, சொல்லித் தரட்டுமா என்று கேட்டார். பழக்கம்தான் என்று சொல்லிவிட்டேன். (மகள் வீட்டில் இரண்டு முறை செய்து காட்டியதுதான் அந்தப் பழக்கம்.) முதல் வார்த்தை 'காட்டன்'; அதை எழுத்தெழுத்தாகத் தேடி அடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. பக்கத்துப் பிள்ளைகள் என் விரலையே பார்ப்பதுபோல் ஒரு தவிப்பு. துணிக்கடையில் 'காட்டன்' என்றால் போதாதா? மற்ற இரண்டு வார்த்தைகளையும் விட்டுவிட்டேன்.

வந்தது பத்துப் பன்னிரண்டல்ல. பக்கம் பக்கமாக, முடிவே இல்லாமல் வந்தது. மகளைக் கேட்கலாம் என்றால், போன் பேசக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. எழுந்து வெளியே போனால் இடம் பறிபோகும். 'எல்லாத்தையும்' என்றுதானே சொன்னாள்?

தறிக்காரன் கை ஒரு தாளத்துக்கு வந்துவிட்டால் நிற்காது. அமுக்கு, இறக்கு, அடுத்தது. தண்ணீர் குடிக்கவில்லை, ஒன்றுக்குக்கூட எழவில்லை. இருநூறைத் தாண்டியபோது திரை வெளுத்து நின்றது. உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அப்புறம் பார்த்தால் கூடத்தில் ஒவ்வொருவராக எழுந்து நிற்கிறார்கள். யாருக்கும் தளம் வரவில்லை.

நூலகர் அம்மா நேராக என்னிடம் வந்தார். "ஏனுங்க, யாரோ மெஷின் வெச்சுக் கட்டுரைய அள்ளறாங்கன்னு தளத்துக் கம்பெனிக்காரங்க காலேஜுக்கே கட் பண்ணிப்போட்டாங்க. இந்தக் கம்ப்யூட்டர்னுதான் காட்டுது. மெஷின் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

நான் மேசைக்கடியில் குனிந்தும் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "இல்லீங்க. நான் மட்டுந்தானுங்க."

வீட்டில் கவிதா பென் டிரைவைத் திறந்தாள். பருத்திக் காயில் புழு, பருத்திக்கொட்டை எண்ணெய், பருத்திக்கு உரம். ஒன்றிலும் நுரையீரல் இல்லை.

சாயங்காலம் அவள் போனுக்குச் செய்தி வந்தது. கல்லூரியில் யாருக்குமே கட்டுரை கிடைக்காததால், எல்லோருக்கும் பத்து நாள் தள்ளிவைத்திருக்கிறார்கள். அவளைப் போலவே தயாராகாமல் இருந்த தோழிகள், இந்தப் புண்ணியத்தைச் செய்தது யார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்களாம். அதற்குள் தளமும் திரும்ப வந்துவிட, பத்து நாளில் கவிதா ஊன்றுகோலோடு தானே நூலகம் போய் வந்து, பேசியும் முடித்துவிட்டாள்.

நான்தான் இன்னும் தப்பவில்லை. ஐந்தாவது தோசைக்குத் தட்டை நீட்டினால் என் மனைவி கரண்டியை நிறுத்திவிடுவாள். "பாத்துங்க. ஏதோ மெஷினு திங்குதுன்னு கேஸ் கம்பெனிக்காரங்க கட் பண்ணிப்போடுவாங்க."