மண்ணுக்குள்ளை போன கொன்ட்ரோலர்

ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. பழுதாப்போன கேம் கொன்ட்ரோலரை எறியவேணும்.

புதுசு ஒண்டு முதல்நாள்தான் ரவுன் கடையிலை வாங்கினனான். ரெண்டும் மேசையிலை கிடந்தது. நான் போனைப் பாத்துக்கொண்டு கிடந்தன். மனுசி சுதா ஒண்டைத் தூக்கிப்பிடிச்சு, "இஞ்சேருங்கோ, இதையோ எறியிறது?" எண்டு கேட்டா.

நிமிந்தும் பாக்காமல், "ஓம், அதுதான்" எண்டன்.

என்ர கெட்டித்தனத்தை நீங்கள் இதிலையே விளங்கியிருப்பியள்.

பின்னேரம் மச்சான் சீனன்குடாவிலை இருந்து பந்து விளையாட வந்திட்டான். ரீவியிலைதான். போன கிழமை என்னைப் படுதோல்வியாத் தோக்கடிச்சுப்போட்டுப் போனவன். பழி தீர்க்கத்தான் புதுசே வாங்கினனான். மேசையைப் பாத்தால் பழசு மட்டும் கிடக்கு.

சுதா ஆறுதலா விளக்கம் சொன்னா. பழசு உக்காத குப்பையாம், நகரசபை லொறி வருமட்டும் வைச்சிருக்கவேணுமாம். புதுசிலை 'மண்ணில் முழுமையாக உக்கும்' எண்டு பச்சை எழுத்திலை போட்டுக் கிடந்ததாம். அதாலை பின்வளவுப் பசளைக் குழிக்குள்ளை தாட்டுவிட்டாவாம். மீன் செதிலுக்குக் கீழை.

நான் தோண்டினன். மச்சான் கதிரையொண்டைக் கொண்டுவந்து போட்டு இருந்து பாத்தான்.

சாமான் அப்பிடியே முழுசா வந்துது. ஆனால் உயிர் இல்லை.

அடுத்தநாள் கடைக்காரர் நவாஸ் நானாவிட்டைக் கொண்டு போனன். அவர் முதலிலை மணந்து பாத்தார். பிறகு கடைக்கு வெளியிலை நிண்டு கதைப்பம் எண்டார். நான் லேபிளைக் காட்டி, மண்ணிலை போடலாமெண்டு நீங்கள்தானே விக்கிறியள் எண்டன்.

"உக்கும் எண்டுதான் தம்பி கிடக்கு. உக்கினாப்பிறகு வேலை செய்யும் எண்டு எங்க கிடக்கு?"

எனக்கு ரோசம் வந்திட்டுது. நேரா நுகர்வோர் முறைப்பாடு எடுக்கிற கந்தோருக்குப் போனன்.

அங்கை இருந்த மிஸ்ஸுக்கு என்னைக் கண்டதும் சரியான சந்தோசம். சும்மா பச்சை லேபிள் ஒட்டி விக்கிற ஆக்களைப் பிடிக்கத்தான் அவ காத்துக்கொண்டிருந்தாவாம். முந்தி ஒருத்தரும் ஒரு சாமானைத் தாட்டுப் பாத்துப்போட்டு வரேல்லையாம். மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டா:

"உங்கட முறைப்பாடு உக்கினதெண்டோ, உக்கேல்லை எண்டோ?"

"உக்கேல்லை மிஸ். ஆனால் செத்துப்போச்சு."

செத்ததுக்கு உங்கட வீட்டு ஆக்கள் பொறுப்பு, உக்காததுக்குக் கொம்பனி பொறுப்பு எண்டு அவ பிரிச்சு விளங்கப்படுத்தினா. ரெண்டாவதை எடுத்து நடத்தலாமாம். சாட்சிக்கு எண்டு கொன்ட்ரோலரையும் வாங்கி வைச்சிட்டா. எனக்குப் பெரிய வெற்றி மாதிரிக் கிடந்துது. மச்சானுக்குப் போன் எடுத்துச் சொன்னனான் எண்டால் பாருங்கோவன்.

அடுத்த கிழமை என்ன நடந்தது எண்டு கேக்கப் போனன். மிஸ் யன்னலோரம் இருந்த குரோட்டன் சாடியைக் காட்டினா. மண்ணுக்கு மேலை ஒரு பட்டன் மட்டும் தெரிஞ்சுது.

எத்தினை நாளிலை உக்கும் எண்டு லேபிளிலை இல்லையாம். அதாலை தாட்டு வைச்சுப் பாக்கவேணுமாம்.

"உக்கினால்?" எண்டன்.

"லேபிள் சரி. முறைப்பாடு முடிஞ்சுது."

"உக்காட்டில்?"

"பாத்துக்கொண்டே இருப்பம்."

மண் ஈரமா இருந்தால் கெதியா முடிவு தெரியுமாம். இப்ப அந்தக் கந்தோருக்குப் போகேக்கை ஒரு போத்தில் தண்ணியும் கொண்டு போறனான்.